உள்ளே இருந்தவர் வெளியே வந்தார்

ஃபுட்பால் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மூத்திர நாற்றம். பந்து இல்லை, புல் இல்லை, கோல் இல்லை. கேலரிக்கு ஏறுகிற படிக்கட்டின் அடியில், கழிப்பறை என்று எழுதிய அம்புக்குறிக்கு நேர் எதிரே இருந்த அந்தச் சுவர். கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று வருஷக்கணக்காகக் கேட்டோம். ஒருத்தனும் பதில் சொன்னதில்லை. பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தைத் தாண்டினால்தான் மேலே வெயிலும் ஆட்டமும். இப்போது யாராவது "அந்தக் காலத்து ஸ்டேடியம் மாதிரி வருமா சார்" என்று உருக ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வராதுதான். வரவும் வேண்டாம்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வீடு மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால். வேலை பாண்டி பஜாரில், மிக்ஸியும் ஃபேனும் வாட்டர் ஃபில்டரும் விற்கிற ஒரு ஷோரூமில் சேல்ஸ்மேன். நாள் முழுக்க "சத்தமே வராது மேடம், ஓடுறதே தெரியாது மேடம்" என்று குழைந்து குழைந்து என் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் வாய்விட்டுக் கத்தக் கிடைத்த ஒரே இடம் அந்த கேலரி.

எங்கள் கிளப் சின்ன கிளப். எங்கள் பேட்டையில் ஒரு மைதானத்தின் மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதுதான் ஆபீஸ். நாங்கள் அதை டென்ட் என்போம். கத்திரிப்பூக் கலர் சட்டை, மஞ்சள் காலர். லீக்கில் பெரிய பெரிய பேங்க் டீம்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசி இரண்டு ஆட்டத்தில் எப்படியோ உருண்டு புரண்டு தப்பித்துக்கொள்கிற டீம். வாரநாளில் மத்தியான ஆட்டம் என்றால் எங்கள் பக்கம் கத்துவதற்கு எட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த எட்டுப் பேர் கத்தினால் எண்பது பேர் கத்தினதாகத் தோன்றும். காரணம் இரண்டு. ஒன்று, நான் அடித்த டின். மளிகைக்கடையில் கேட்டு வாங்கின காலி எண்ணெய் டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் வெளுத்து வாங்குவேன். இன்னொன்று, டெய்லர் அண்ணனின் தொண்டை.

டெய்லர் அண்ணனுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு அடையாற்றங்கரைக் குடிசைகளில். கடை எங்கள் தெருமுனையில், ஒரே ஒரு மெஷின் வைத்தால் அவர் உட்காரத்தான் இடம் இருக்கும். மீசை முளைக்கிற வயதிலிருந்து அந்த கிளப்பின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்த்தவர். ரெஃப்ரீயை அவர் திட்டுவதைக் கேட்கவே எதிர் டீம் ஆட்கள் எங்கள் பக்கம் வந்து உட்காருவார்கள். "யோவ் விசிலு, கண்ணு பிடரிலயா கீது உனுக்கு?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்ததிலேயே நாகரிகமானது. மற்றதை அச்சில் போட முடியாது.

கிளப்பின் சட்டைகள் கிழிந்தால் தைப்பவர் அவர்தான். முதுகில் நம்பர் வைத்துத் தைப்பவர் அவர்தான். கொடி தைத்ததும் அவர்தான். இத்தனைக்கும் கூலி என்று கை நீட்டினதே இல்லை. "நம்ம டீம் சட்டைக்குக் கூலி வாங்கினா அப்பால கேலரில குந்தி எப்டி நைனா கத்துறது?" என்பார். அதே மனிதர், சட்டை மூட்டையைச் சுமந்துகொண்டு ஆட்டக்காரர்கள் போகிற வாசல் வழியாக உள்ளே போவார், மூட்டையை இறக்குவார், திரும்பி வெளியே வருவார், எங்களோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரிக்கு வருவார். அப்படியே உள்ளே நின்றுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். ஓசியில் பார்த்தால் அது ஆட்டமா என்று என்னையே முறைத்தார்.

அந்த வருஷம் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒரு கோப்பைப் போட்டியில் எங்கள் டீம் ஜெயித்துக்கொண்டே போனது. காலிறுதி ஜெயித்தோம், அரையிறுதியிலும் ஜெயித்தோம். ஃபைனல். கிளப் பிறந்ததிலிருந்து ஃபைனல் என்ற ஒன்றை எட்டிப் பார்த்ததில்லை. அரையிறுதி முடிந்து நாங்கள் படிக்கட்டில் இறங்கும்போது டெய்லர் அண்ணன் அந்த மூத்திரச் சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "நா செத்தாலும் பரவால்லடா, இந்த ஃபைனல மட்டும் கண்ணால பாத்துடணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஃபைனல் என்றதும் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்து வந்தார்களோ! ஒரு வாட்டர் ஃபில்டர் கம்பெனி ஸ்பான்சராக வந்தது. புதிதாக முளைத்திருந்த ஒரு தனியார் டிவி, ஆட்டத்தைப் படம் பிடிக்க வந்தது. அதுவரை டென்ட்டுக்கு மாதம் ஒருமுறை வந்து ஃபேனடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த கிளப் செக்ரட்டரி, தினமும் இஸ்திரி மடிப்புக் கலையாத சஃபாரி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். அந்த ஆள் பூசிக்கொண்டு வந்த சென்ட் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுப் பேசுவார், கை எடுத்த பிறகும் அரை மணி நேரத்துக்கு நம் சட்டையில் அந்த வாசனை நிற்கும்.

ஸ்பான்சர் கம்பெனி புதுச் சட்டைகள் அனுப்பியது. நெஞ்சில் கம்பெனி பெயர் அரை அடி உயரத்துக்கு. முதுகில் நம்பரே இல்லை. சைஸோ ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழையலாம். ஃபைனலுக்கு நாலு நாள்தான் இருந்தது. செக்ரட்டரி நேரே டெய்லர் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"பதினாறு சட்டை. பிடிச்சுத் தைச்சு, நம்பர் வெச்சுக் குடுத்துடுப்பா. நீதான் நம்ம கிளப்போட தூண்" என்றார்.

அண்ணன் கையில் அப்போது ஒரு கல்யாண வீட்டு வேலை இருந்தது. அதைத் தூக்கி வேறொரு டெய்லரிடம் கொடுத்துவிட்டார். "சார், ஃபைனல் டிக்கெட்டு மட்டும்" என்று தலையைச் சொறிந்தார்.

"என்னப்பா இது! உனக்கு இல்லாத டிக்கெட்டா? கேலரி கவுன்ட்டர்ல உன் பேர்ல எடுத்து வைக்கச் சொல்லிடறேன். நேரா போய் வாங்கிக்கோ."

அந்த ஆள் தோளில் கை போட்டுச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சத்தியம் செய்யாத குறை.

எங்களில் மற்றவர்களுக்கு டிக்கெட் டென்ட்டில் விற்பதாக இருந்தது. எங்களிடம் கார்டு இருந்தது. கிளப் ஆதரவாளர் என்று போட்டோ ஒட்டி, லேமினேஷன் செய்து, பின்பக்கத்தில் 'அனைத்து ஆட்டங்களுக்கும் முதல் உரிமை' என்று அச்சடித்த கார்டு. நான் அதைப் பர்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். புத்தி கெட்டவன்.

டிக்கெட் விற்கிற அன்று விடிவதற்கு முன்பே வரிசை சேர்ந்துவிட்டது. எங்கள் பேட்டையில் ஒரு பழக்கம் உண்டு. ரேஷன் கடையானாலும் மண்ணெண்ணெய் வண்டியானாலும் வரிசையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். செருப்பு நின்றால் ஆள் நின்றமாதிரி. யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். அன்றைக்கும் டென்ட் வாசலிலிருந்து மைதானத்தின் பாதி வரைக்கும் செருப்புகள். எட்டு மணிக்கு செக்ரட்டரியின் கார் வந்தது. ஹார்ன் கூட அடிக்கவில்லை. செருப்புகள் மேலேயே ஏற்றிக்கொண்டு போய் டென்ட் வாசலில் நின்றது. என் செருப்பின் வார் அறுந்து டயரில் ஒட்டிக்கொண்டு போனது. டீக்கடையிலிருந்து நாங்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஓடினோம்.

ஜன்னல் திறக்கவே இல்லை. உள்ளே இருந்து ஒரு கை வெளியே வந்து ஒரு தாளை ஒட்டியது. 'டிக்கெட் தீர்ந்துவிட்டது.' விற்க ஆரம்பிக்காத டிக்கெட் எப்படி ஐயா தீரும்? நாங்கள் கார்டுகளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கத்தினோம். செக்ரட்டரி வாசலுக்கு வந்து, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "கார்டு லீக் மேட்சுக்குப்பா. ஃபைனல் வேற கேட்டகரி" என்றார். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "நாங்க வராம இருந்தா இந்த கிளப்பை நாய் சீந்துமாய்யா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லிக்கறோம்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் உள்ளே போய்விட்டார். தேங்க்ஸாம்! காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பினேன், அவர் போன பிறகு.

டிக்கெட்டெல்லாம் எங்கே போயின என்பது மறுநாள் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஷோரூமில் அந்த ஃபில்டரும் விற்பார்கள் என்று சொன்னேன் அல்லவா, கம்பெனிக்காரர் ஒருவர் வந்து முதலாளியிடம் ஒரு கட்டு பாஸ் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கெட்டி அட்டை, ஜிகினா ஓரம். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஹாக்கியா, ஃபுட்பாலா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஃபுட்பால் சார். சார், அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க சார்."

"உனக்கு எதுக்கு? அன்னிக்கு உனக்கு டூட்டி. கஸ்டமருக்குக் குடுக்கலாம். ஃபில்டர் வாங்கினா ரெண்டு பாஸ்னு சொல்லு."

சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஃபில்டர் வாங்கினார். பாஸை நீட்டியதும், "ஃபுட்பாலா? எங்க ஆத்துல யாரும் பாக்க மாட்டாளே" என்றார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பார் என்று கை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதை மடித்து விசிறிக்கொண்டே ஆட்டோ ஏறிப் போனார். தலைக்கு மேலே கடையில் பதினெட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபைனல் அன்று வயிற்றுப்போக்கு என்று கடைக்குப் பொய் சொல்லி லீவு போட்டேன். டிக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கு வெளியே நின்றாவது கத்துவோம் என்று நாங்கள் ஐந்து பேர், டின்னோடு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே பெரிய ஸ்டேடியத்தின் கேலரி வாசலில் போய் நின்றுவிட்டோம். ஆட்டம் மூன்றரைக்கு.

கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரர்கள் வாசல் பக்கமிருந்து டெய்லர் அண்ணன் வந்தார். கழுத்தில் டேப்பு, சட்டைப் பையில் நூல் கோர்த்த ஊசி. காலையிலேயே பதினாறு சட்டைகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கோல்கீப்பருக்குக் கை இறுக்குகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆட்டக்காரர்களோடு உட்கார வைத்துச் சோறும் போட்டிருக்கிறார்கள். முகமெல்லாம் பல்.

"கோச்சு சொன்னாரு, இங்கியே பெஞ்சுக்குப் பின்னால குந்திக்கோ, கிட்டக்கவே பாக்கலாம்னு. நா வேணாம்னுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்ணே? உள்ள இருந்துட்டு எதுக்கு வெளிய வந்தீங்க?"

"இன்னா நைனா பேசுற? நீங்கல்லாம் இங்க வெயில்ல நின்னுக்கினு கீறீங்க, நா மட்டும் அங்க குந்திக்கினு பாக்கவா? செக்ரட்டரி என் பேருல டிக்கெட்டு எட்து வெச்சிக்கிறாரு இல்ல. கூட அஞ்சு சேத்துக் கேட்டு வாங்கிடலாம். ஆறு பேரும் ஒண்ணாப் போலாம்."

நாங்கள் ஆறு பேரும் கவுன்ட்டருக்குப் போனோம். உள்ளே இருந்தவன் ஒரு நோட்டைப் புரட்டினான். அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அண்ணன் பெயரை மறுபடி சொன்னார். அப்பா பெயர் சேர்த்துச் சொன்னார். டெய்லர் என்று சேர்த்துச் சொன்னார். "யோவ், கேலரி பூரா கம்பெனி எடுத்துட்டாங்க. இங்க வித்த டிக்கெட்டே கிடையாது. நகரு" என்றான்.

அண்ணன் அசரவில்லை. செக்ரட்டரி வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்றார். திரும்ப ஆட்டக்காரர்கள் வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அதற்குள் அங்கே நீலச் சட்டை போட்ட தனியார் காவலன் கையில் லிஸ்ட்டோடு நின்றிருந்தான்.

"காத்தால உள்ள வந்தேனே வாத்யாரே. சட்டை தெச்சவன். தோ பாரு, ஊசி கூட கீது" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"அது காத்தால. இப்ப லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான்."

செக்ரட்டரியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட மாட்டேன் என்றான். கார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு காரிலிருந்தும் பாஸ் காட்டி இறங்கியவர்களைப் பார்த்தேன். ஃபில்டர் விற்கிறவர்கள், ஃபில்டர் வாங்கினவர்கள், அவர்கள் மச்சான், மாமியார். ஒருத்தன், "எந்த டீம் நம்ம டீம்?" என்று கேட்டுக்கொண்டே போனான். டெய்லர் அண்ணன் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது செக்ரட்டரியே வெளியே ஓடிவந்தார். எங்களைத் தேடித்தான் வந்தார்! கையில் வெள்ளை டி-ஷர்ட்டுகள், நெஞ்சில் கம்பெனி பெயர்.

"டின் அடிக்கிற கோஷ்டி எங்கப்பா? வாங்க வாங்க. கேலரில ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. டிவிக்காரன் எழவு வீடு மாதிரி இருக்குங்கறான். இந்தா, ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கோங்க. அஞ்சு பேர் உள்ள வாங்க."

அண்ணன் முன்னால் வந்து நின்றார். "சார், என் டிக்கெட்டு..."

செக்ரட்டரி அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தாடி, வியர்வையில் ஒட்டின சட்டை. "நீ வேணாம்ப்பா. டிவிக்கு யங்ஸ்டர்ஸ் கேக்கறாங்க. உனக்கு அப்புறம் ஆள் அனுப்பறேன்."

இனி நடந்ததைப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன். நான், "சார், டெய்லர் அண்ணனும் வரட்டுமே" என்றேன். ஒரே ஒரு தடவை. செக்ரட்டரி, "அதான் ஆள் அனுப்பறேன்னேனே, டைம் ஆச்சு" என்றார். டின் என் இடுப்பில் இருந்தது. டின் இல்லாமல் மற்ற நாலு பேர் போய் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அண்ணன் வராமல் நான் நகர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆள் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் உள்ளே டீம்கள் இறங்குகிற விசில் கேட்டது. நான் டி-ஷர்ட்டைத் தலை வழியே மாட்டிக்கொண்டேன்.

"போடா, போ, ஆட்டம் ஆரம்பிச்சிடப் போறான்" என்று அண்ணன்தான் என் முதுகைத் தள்ளிவிட்டார். "கோல் போட்டா நம்ம அடி அடி. நா இங்க செவுத்தாண்டயே நின்னு கேட்டுக்கினு கீறேன்."

நம்ம அடி என்றால் கோலுக்கென்று நாங்கள் வைத்திருந்த அடி. மூன்று, மூன்று, பிறகு நிற்காமல் ஒரு சரம். கோல் விழுந்தால் தவிர வேறெதற்கும் அதை அடிப்பதில்லை. கார்னருக்கு வேறு, ஃப்ரீ கிக்குக்கு வேறு. வெளியே டீக்கடையில் இருப்பவன்கூட டின் சத்தத்தை வைத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவான்.

உள்ளே போனதும் நான் பார்த்தது காலி நாற்காலிகள். கேலரிக்கே நாற்காலி போட்டிருந்தார்கள், பாதி நாற்காலியில் ஆள் இல்லை. பாஸ் வாங்கினவர்கள் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் மடியில் டிபன் பெட்டி. சமோசா வாசனை, ஸ்பீக்கரில் ஃபில்டர் விளம்பரம். எங்கள் ஐந்து பேரைக் கயிறு கட்டின ஒரு சதுரத்தில் கேமராவுக்கு நேரே நிறுத்தினார்கள். காதில் ஹெட்போன் மாட்டின ஒருத்தன் வந்து, "எது நல்லா வேகமா இருக்கும், அடிச்சுக் காட்டு" என்றான். கார்னர் அடியை அடித்தேன். உதட்டைப் பிதுக்கினான். இன்னொன்றை அடித்தேன். அதுவும் பிடிக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது என்றான்.

நம்ம அடியை அடித்துக் காட்டினேன்.

"சூப்பர், இதேதான். நான் கை தூக்கறப்பல்லாம் இதை அடி."

"சார், இது கோலுக்கு மட்டும்தான் சார்."

"யாருய்யா கண்டா? அடி."

அவன் கை தூக்கினான். அடித்தேன். பந்து நடு மைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருந்தது. ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள், இவனுக்கென்ன கழண்டுபோச்சா என்று. முதல் பாதியில் எதிர் டீம் ஒரு கோல் போட்டது. அப்போதும் அவன் கை தூக்கினான். அப்போதும் அடித்தேன். செக்ரட்டரி கீழே கம்பளத்தில் நின்று யார் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. நான் வாசலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் இன்னொன்று வாங்கினோம். முடிவதற்கு முன்பே சமோசாக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பூஜ்யத்துக்கு இரண்டு.

வெளியே வந்தேன். டி-ஷர்ட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் டெய்லர் அண்ணன் நின்றிருந்தார். டூட்டியில் இருந்த போலீஸ்காரருக்கும் ஜூஸ்காரருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு கிளாஸ் ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து டின்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் கன்னம் என் கழுத்தில் ஈரமாகப் பட்டது.

"எத்தினி கோலு நைனா? நா அஞ்சு தபா எண்ணினேன். அப்பால எண்ண முடில, கண்ணுல தண்ணி வந்துருச்சு. நம்ம டீமாடா இது! அஞ்சா, ஆறா?"

"தோத்துட்டோம்ணே."

"அட, டபாய்க்காத."

"ரெண்டு பூஜ்யம்ணே. நமக்கு ஒண்ணும் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மற்ற நாலு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு என் நெஞ்சில் எழுதியிருந்த கம்பெனி பெயரைப் பார்த்தார். கையை என் தோளிலிருந்து எடுத்தார்.

"அப்ப இன்னாத்துக்கு அடிச்ச?"

"அடிக்கச் சொன்னாங்கண்ணே."

போலீஸ்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூஸ்காரர் கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார். அண்ணன், "சரி, வா, பஸ்ஸைப் புடிப்போம்" என்றார். மந்தைவெளி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்று வந்தோம். அவர் ரெஃப்ரீயைக்கூடத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் கேலரிக்குப் போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். அவர் கடை வழியாகப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு மூன்று மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் மனசு கேட்கவில்லை. ஒன்றும் பிரச்சினையில்லாத ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு, பிடித்துத் தைக்கவேண்டும் என்ற சாக்கில் போனேன்.

மெஷினில் கத்திரிப்பூக் கலர் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு. புது சீசனுக்குக் கிளப் அனுப்பியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இன்னுமாண்ணே அந்தப் பசங்களுக்குத் தைக்கிறீங்க? அவ்வளவு செஞ்சானுங்களே, உங்களுக்குக் கோவமே வரலியா?"

அவர் காலை மிதியிலிருந்து எடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அவனுங்க இன்னா நம்ம ஆளுங்களா, கோச்சுக்கிறதுக்கு?"

பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கொண்டுபோன பேன்ட்டை என் கையிலிருந்து வாங்கி விரித்துப் பார்த்தார். என்னை நைனா என்றும் டா என்றும் தவிர வேறெப்படியும் அழைக்காதவர் அவர்.

"சொல்லுங்க சார். இடுப்பா, நீளமா?"

இடுப்பு என்றேன்.